புன்னைக்குளம் காலை வண்டி

புன்னைக்குளம்,
19-6-61

அன்புள்ள தம்பி குத்தாலிங்கத்துக்கு அக்காள் வடிவம்மாள் எழுதுவது.

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே வண்டியை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டு, அதைக் குற்றாலத்துக்கு ஓட்டுகிறாய். இது நீ செய்த அநியாயம். நலம் விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

போன திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழரை வண்டி வரவில்லை. முதல் நாள் பஞ்சர் என்று நினைத்தோம். ஐந்து பெண்கள் ஒன்பது மணி வரை ரோட்டில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். அதில் ஒருத்தி என் மருமகள் முப்பிடாதி. இன்னொருத்தி நெசவுக்கார மூசாவின் மகள் நூர்நிஷா. மற்ற மூன்று பேரும் கீழத்தெருப் பெண்கள். சின்ன வயதில் படிப்பை விட்ட பெண்களுக்காக, சர்க்கார் மானியத்தில் தென்காசி மாதர் சங்கம் நடத்தும் இரண்டு வருஷ வகுப்பு உனக்குத் தெரியும். அதில்தான் இவர்கள் படிக்கிறார்கள். தேறினால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். என் மகன் சுந்தரபாண்டி கண்ணை மூடிய பிறகு, அவன் பெண்டாட்டி காலமெல்லாம் என் அடுப்படியில் கிடக்கக் கூடாது என்றுதான் சேர்த்தேன். இந்தப் பருவத்தில் நாற்பது நாளுக்கு மேல் வராதவள் பேரை அடித்துவிடுவார்கள்.

உன் ஆபீஸுக்கு ஆள் விட்டுக் கேட்டதற்கு, வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று பதில் வந்தது. சனிக்கிழமை மூசா நூல் வாங்க மாட்டுவண்டி கட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். தென்காசி ஸ்டாண்டில் வண்டி நிற்கிறது, முகப்பில் 'குற்றாலம் ஸ்பெஷல்' என்று துணி கட்டியிருக்கிறது. உன் கண்டக்டர் நம்பிராஜன் படியில் நின்று ஆள் கூப்பிடுகிறான்.

"ஏலே நம்பி, இது எங்க ஊரு வண்டிதானெ?"

"இல்ல ஆச்சி, இது வேற."

"பொறத்தால சீட்டுல நான் தச்சுக் குடுத்த உறை கெடக்கே, அது மட்டும் எறங்கி நடந்து வந்துச்சா?"

அவன் காதைச் சொறிந்தான். "நீங்களும் ஏறுங்க ஆச்சி, அருவில ஒரு குளியலப் போட்டுட்டு வருவோம். டிக்கெட் வேண்டாம். மொதலாளி அக்காகிட்ட துட்டு கேட்டா எஞ் சோலி போயிரும்."

உள்ளே எல்லாம் எண்ணெய் தேய்த்த தலைகள். நான் ஏறவில்லை.

குறுக்கே நடந்தால் ஐந்து மைல்தான். ஆனால் சிற்றாற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். சாரல் விழுந்ததும் நீ வண்டியை எடுத்துக்கொள்கிறாய். அதே சாரலில்தான் ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு வருகிறது.

வண்டியைத் திருப்பி அனுப்பு. உன் இருமல் நின்றதா என்றும் எழுது.

இப்படிக்கு,
அக்காள் வடிவம்மாள்

---

தென்காசி,
24-6-61

என் அன்பு அக்காவுக்கு குத்தாலிங்கம் வணக்கம்.

இருமல் இருக்கிறது. சாரல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. உன் கடிதம் அதைவிட ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் நம்பிராஜனை நீ கேட்ட கேள்வியை ஊரே சொல்லிச் சிரிக்கிறது.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் என்று சொன்னது தப்புதான். ஆனால் என் பக்கமும் கேள். உன் ஊர் ரோட்டில் ஒரு தடவை போய்வந்தால் பாதி சீட்டு காலி. டீசல் போட்ட காசு வருவதில்லை. சாரல் மூன்று மாதம் அருவிக்கு ஓட்டுவதை வைத்துத்தான் மற்ற ஒன்பது மாதம் உங்கள் ஊருக்கு வண்டி வருகிறது. அதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

முப்பிடாதிக்குப் படிப்பு கெட வேண்டாம். இங்கே மாடி அறை சும்மா கிடக்கிறது. அனுப்பி வை. என் பெண்களோடு இருந்து, நடந்தே வகுப்புக்குப் போய்வரட்டும். மற்ற நாலு பேரும் எனக்கு யார்? அவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்?

உனக்குப் பிடிக்குமே என்று மங்குஸ்தான் வாங்கி வைத்திருக்கிறேன். கொடுத்துவிடத்தான் ஆள் கிடைக்கவில்லை.

உன் தம்பி,
குத்தாலிங்கம்

---

புன்னைக்குளம்,
3-7-61

தம்பிக்கு அக்காள் எழுதுவது.

பழம் கொடுத்துவிட ஆள் கிடைக்கவில்லை என்கிறாய். உன் வண்டி ஓடியிருந்தால் கிடைத்திருக்கும்.

மாடி அறை வேண்டாம். காரணம் வீம்பு என்று உன் வீட்டில் பேசிக்கொள்வீர்கள். பேசுங்கள். ஆனால் கணக்கைப் பார். வகுப்பில் இருபத்தைந்து பேர் இருந்தால்தான் மானியம் என்று சங்கத்துக் காரியதரிசி பார்வதியம்மாள் எழுதியிருக்கிறார்கள். இப்போது சரியாக இருபத்தைந்து. எங்கள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் நின்றால் வகுப்பே நின்றுவிடும். அப்புறம் முப்பிடாதி உன் மாடியில் உட்கார்ந்து எதைப் படிப்பாள்?

மற்ற நாலு பேரும் எனக்கு யார் என்று கேட்டிருக்கிறாய். நீ பர்மிட் கேட்டபோது அவர்கள் உனக்கு யார் என்று கேட்கவில்லை. அந்த மனுவுக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கியது நான். நூர்நிஷா வீட்டில் மட்டும் ஏழு பேர் போட்டார்கள். 'படிக்கப் போகிறவர்களின் வசதிக்காக' என்று அதில் எழுதச் சொன்னது நீ. அந்த வரியை நீ வண்டிக்காகச் சொன்னாய், நான் நம்பி எழுதினேன்.

நான் பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. நீ சுவடி வைத்துப் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து முறுக்குப் பிழிந்துகொண்டே தலைகீழாக எழுத்துக் கற்றவள். அதனால் யாரும் எழுதித் தராமல் நானே ஒரு மனு எழுதிப் போக்குவரத்து அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன். உன் பர்மிட் இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டும் அல்லவா. அதற்கு ஆட்சேபம். உன்னிடம் மறைத்துச் செய்ய இஷ்டமில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து பெண்களும் மாட்டுவண்டியில் போனார்கள். போய்ச் சேரும்போது பதினொன்றரை மணி. வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள்தான் மூசாவால் வண்டி தர முடியும். மாட்டுக்கும் உழவு இருக்கிறது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது தம்பி. அறுபத்திரண்டு வயதில் இதற்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்க ஆசையில்லை. வண்டியை அனுப்பு, மனுவைக் கிழித்துப்போடுகிறேன்.

அக்காள்,
வடிவம்மாள்

---

தென்காசி,
21-7-61

அக்காவுக்கு,

நோட்டீஸ் வந்தது. ஆகஸ்டு பதினொன்றாம் தேதி காலை இங்கே பயணியர் விடுதியில் விசாரணை. ஆட்சேபிப்பவர் என்ற இடத்தில் உன் பேர். அதை என் பெண்டாட்டி வாசித்துச் சொன்னாள்.

வேறு செய்தி. நேற்றுக் காலை விறகு லாரியில் தகரப்பெட்டியோடு முப்பிடாதி வந்து இறங்கினாள். நீ நடவுக்கு வயலில் நின்ற நேரமாம். சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டேன்.

"அத்தைகிட்ட சொன்னா விடமாட்டாவ சித்தப்பா. அவுக சொல்லுதது ஞாயந்தான். ஆனா இருவது நாளு போயிட்டு. ஞாயம் வந்து சேருததுக்குள்ள எம் பேர அடிச்சிருவாவளே."

சொல்லிவிட்டு அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு உடனே வகுப்புக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வந்து, உன் நடவுக்கூலி ஆட்களுக்குச் சோறு யார் பொங்குவார் என்று என் பெண்டாட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இனி உன் வீட்டுப் பெண்ணுக்குக் குறை இல்லை. மனுவை வாபஸ் வாங்கு அக்கா. பர்மிட் போனால் இன்னொருவன் வாங்குவான். அவன் உன் ஊருக்கு வருவான் என்று என்ன நிச்சயம்? நான் கெட்டவனாகவே இருக்கட்டும், வெளியாள் இல்லையே.

குத்தாலிங்கம்

---

புன்னைக்குளம்,
27-7-61

தம்பிக்கு வடிவம்மாள் எழுதுவது.

கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. அன்றைக்கு வயலிலிருந்து வந்து பார்த்தபோது தகரப்பெட்டி இருந்த இடத்தில் தரை மட்டும் ஈரமில்லாமல் இருந்தது. கூரை ஒழுகுகிறது. அவள் லாரியில் ஏறியதைப் பார்த்த மூசா வந்து சொல்லும்வரை ஆற்றுப்பக்கம் ஆள் விட்டுத் தேடினேன். அவள் செய்தது தப்பு என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். தப்பில்லை. நான் அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். ஐந்து பேருக்காகவும் பேசினேன், என் வீட்டில் இருப்பவளிடம் பேசவில்லை.

ஆனாலும் மனு நிற்கும். அவள் போய்விட்டாள் என்பதால் ரோட்டில் நிற்கிறவர்கள் நாலு பேர் ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். இப்படியே போனால் விசாரணை நாள் வரும்போது அவர்களுக்கு நாற்பதில் மிச்சம் ஐந்தாறு நாள்தான் இருக்கும். நீ கேட்டது நியாயமான கேள்வி, பர்மிட் போனால் என்ன நிச்சயம் என்பது. அதனால் உன் பர்மிட்டைப் பிடுங்கச் சொல்லவில்லை. என்ன கேட்கப் போகிறேன் என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். அங்கே வந்து நீ திகைக்க வேண்டாம்.

அதிகாரி செய்ய வேண்டியது: ஆகஸ்டு பதினான்கு, திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் புன்னைக்குளத்தில் வண்டி நிற்க வேண்டும் என்று உத்தரவு போடுவது. சாரலுக்குத் தனி வண்டி வைத்திருப்பவனுக்கு மட்டும் ஸ்பெஷல் ஓட்ட அனுமதி கொடுப்பது.

சர்க்கார் செய்ய வேண்டியது: வகுப்புக்கு மானியம் கொடுக்கிறது, வகுப்புக்குப் போகிற வழிக்குக் கொடுக்கவில்லை. பாதி சீட்டு காலியாக ஓடும் வண்டிக்கு உள்ள நஷ்டத்தை அது ஏற்க வேண்டும். இதை உனக்காகவும் கேட்கிறேன். நீ வாய் திறந்து கேட்கமாட்டாய், வண்டியை மட்டும் ஒளித்துவைப்பாய்.

பார்வதியம்மாள் செய்ய வேண்டியது: விசாரணை முடியும்வரை நாலு பேர் பேரையும் புத்தகத்தில் அப்படியே வைத்திருப்பது. எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

மூசா செய்ய வேண்டியது: நடவு முடிந்துவிட்டதால் அதுவரை நாள் தவறாமல் மாட்டுவண்டி அனுப்புவது. ஒத்துக்கொண்டார். அவர் வயலுக்கு நான் இரண்டு ஆள் விடுகிறேன்.

நீ செய்ய வேண்டியது: விசாரணையில் ஒர்க்‌ஷாப் என்று சொல்லாமல் இருப்பது. உன் பெண்டாட்டி செய்ய வேண்டியது: முப்பிடாதியை அடுப்படிக்குக் கூப்பிடாமல் இருப்பது. அவளாக வருவாள். விரட்டச் சொல்.

நான் செய்ய வேண்டியது: பத்தாம் தேதி மத்தியானமே கிளம்பி வருவது. உன் வீட்டில் தங்கமாட்டேன். உன் சோற்றைத் தின்றுவிட்டு மறுநாள் உனக்கு எதிரே நின்று பேசுவது முறையில்லை. மூசாவின் தங்கை வீட்டில் இடம் சொல்லியிருக்கிறது.

பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. வகுப்பு உண்டு. என்னைப் பார்க்க வேண்டும் என்று முப்பிடாதி லீவு கேட்பாள். நீ விடாதே.

வடிவம்மாள்