நாள் இல்லாத தம்பி

18 நவம்பர் 2004, வியாழன்

நான் கேர்டேக்கராக இருக்கும் யூதக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைப் பித்தளைத் தகடுகளில் பொறித்துச் சுவரில் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன பல்ப். இறந்த நாள் வரும்போது அதை எரியவிடுவது என் வேலை.

காலையில் மிஸஸ் ரோசன் வந்து, கணவரின் பல்ப் ஏன் எரியவில்லை என்று கோபித்தார். பாவம், இங்கிலீஷ் தேதியைப் பார்த்து வந்துவிட்டார். அவர்களுடைய நாளும் எங்கள் திதியைப் போலப் பிறையோடு நகர்வது. வருகிற செவ்வாய்தான் என்றேன். சிரித்துவிட்டார். உங்கள் வீட்டிலும் இப்படி நாள் பார்ப்பீர்களா என்று கேட்டார்.

அப்பாவின் திதிக்கு இங்கே லூயிஷாமில் இருக்கும் சிவன் கோயிலுக்குப் போவேன், தம்பிக்கு நாள் இல்லை என்றேன். பதினான்கு வருடங்களுக்கு முன், ஊரில் யுத்தம் நடந்தபோது அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் தெரியும்.

"என் அக்காவையும் யுத்தத்தில் அப்படித்தான் கொண்டுபோனார்கள். நாங்களாகவே ஒரு நாளை வைத்துக்கொண்டோம்."

"எப்போது வைத்தீர்கள்?"

"அம்மா இறந்த பிறகு."

அவர் போனதும், இன்னும் பெயர் பொறிக்காத கடைசித் தகட்டின் பல்பைப் போட்டேன். பிறகு யாழ்ப்பாணத்துக்கு அம்மாவுக்குப் போன் எடுத்து, தம்பிக்கும் ஒரு நாள் வைப்போமா என்று மெல்லக் கேட்டேன்.

"விசர்க்கதை கதையாதை, ராசா. நாளைக்கு அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?"

"ஓம் அம்மா" என்று போனை வைத்துவிட்டேன்.

பல்பை அணைக்காமல்தான் வீட்டுக்கு வந்தேன். அவன் வந்து கேட்கட்டும்.