மிளகில்லாத ரசம்

அக்கா,

இன்று காலை கொல்லிமலையில், செம்மேடு பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். கைப்பேசி தானாகவே உங்கள் பழைய காணொளி ஒன்றை எடுத்து நீட்டியது, "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று. பிடிக்கலாமாம்! அதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்பது அந்தச் செயலிக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் இப்போது இல்லை என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அழுத்தினேன். வழக்கமான அந்தக் கனைப்பு. பிறகு உங்கள் குரல்: "கட்டுரையை வாசிச்சுக் காட்டப் போறதில்லை. இதை வச்சுக்கிட்டு நாளைக்குக் காலைல ஒரு வீட்டுக்குள்ள போறவங்க என்ன செய்யலாம்? அதை மட்டும் பேசுவோம்."

பக்கத்தில் வாழைத்தாரோடு நின்றவர் எட்டிப் பார்த்தார். "யாருங்க கண்ணு அது, டாக்டரம்மாவா?"

"இல்லீங்க, எங்க அக்கா."

சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, மலையில் நடமாட முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் ஒரு சின்ன அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தவள் நான். சமூகப்பணி என்று ஒரு படிப்பே இருக்கிறது என்பது உங்கள் காணொளிகளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். முதுகெலும்பில் அடிபட்டவர்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தீர்கள். நான் ஒவ்வொரு காணொளிக்கும் அடியில் பத்தி பத்தியாக எழுதித் தள்ளுவேன். ஒருநாள் பதில் வந்தது: "ஏய், கொஞ்சம் மூச்சு விட்டு எழுது. படிக்கிற எனக்கே இளைக்குது." அதைப் படமெடுத்துக் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் மிதந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மலையில் மிளகு பறிக்கிற செல்வம் அண்ணன் விழுந்தார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணி நழுவி, மிளகுப் பையோடு அப்படியே கீழே. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பேச்சைக் குறைத்தார், சாப்பாட்டையும் குறைத்தார். படுக்கைப் புண் வந்துவிட்டது. கீழே நாமக்கல் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில், உட்காரவும் சக்கர நாற்காலியில் நகரவும் கற்றுக்கொடுக்க அவருக்கு இடம் வாங்கி வைத்திருந்தோம். அவரோ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் எங்கியும் வரலீங்க" என்பார். புண் ஆழமாகிக்கொண்டே போனது. இன்னும் தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொல்லிவிட்டார்.

காணொளிகளில் கற்ற அத்தனையையும் அவரிடம் பேசிப் பார்த்துத் தோற்றபின் உங்களுக்கு எழுதினேன். "நான் வர்றேன்" என்றீர்கள். நீங்களே!

மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கிய பஸ் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் உங்கள் வயிற்றுக்குள் திருப்பிவிட்டிருந்தது. நான் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு, செல்ஃபி எடுக்கக் கையை நீட்டியபடி ஓடிவந்தேன். நீங்கள் படியிலேயே உட்கார்ந்து, "போட்டோ எடுத்தே, உன்னை பிளாக் பண்ணிடுவேன். தண்ணி குடு" என்றீர்கள். அந்த நொடியில் நட்சத்திரம் போய், அக்கா வந்துவிட்டாள்.

செல்வம் அண்ணனின் வீட்டில் நீங்கள் அவரிடம் ஒரு வார்த்தைதான் பேசினீர்கள். வணக்கம். மற்ற நேரமெல்லாம் அடுப்படியில் அவருடைய அம்மாவோடு இருந்தீர்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். ரசத்தை ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்தீர்கள்.

"அம்மா, மிளகு போடலையா?"

அம்மா உள்ளறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொளகு பேச்சே இந்த ஊட்ல எடுக்கறதில்லீங்க. பையன் மனசு நோகும்னு ரசத்துக்குக்கூட போடறதில்ல. மரத்துல மிச்சமிருந்தத ஆள உட்டுப் பறிச்சு, பக்கத்து ஊட்டு வாசல்லதான் காய வெச்சிருக்கறோம்."

ஊர் முழுக்க அதை ஒரு விரதம் போலவே காத்துவந்தது. பார்க்க வருகிறவர்கள்கூட மழையைப் பற்றியும் மரவள்ளிக் கிழங்கைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு எழுவார்கள்.

"முன்னாடியெல்லாம் அவர்கிட்ட என்னென்ன கேப்பீங்க?" என்றீர்கள்.

"எல்லாங் கேப்பனுங்க. எப்பப் பறிக்கறது, பச்சையா குடுக்கறதா, காய வெச்சுக் குடுக்கறதா, எந்த யாவாரிகிட்டப் போடறது... எல்லாத்தையும் அவந்தான் சொல்லுவான்."

"இப்ப?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு உள்ளறை வாசலுக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சாமி, பேளுக்குறிச்சி யாவாரி வந்து கேட்டான். இப்பவே குடுத்துரட்டுமா?"

பேச்சை மாற்ற நான் உள்ளே போகப் பார்த்தேன். நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"இன்னும் சரியா காயலயே, அதுக்குள்ள எப்பிடிக் குடுப்ப?" செல்வம் அண்ணனின் குரல்தான்! "பக்கத்தூட்டு வாசல்ல கெடக்கறது நம்ம மொளகுதானே? காத்தடிச்சா இங்க வரைக்கும் வாசம் வருது. எனக்கு இடுப்புதான் போச்சு, மூக்குமா போச்சு?"

அம்மா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "அங்க யாரு கெளறி உடறா? மேலாப்புல மட்டும் காஞ்சிருக்கும். என்னையத் தூக்கி உக்கார வெச்சீங்கன்னா நான் பார்ப்பன்" என்று செல்வம் அண்ணன் பொரிந்துகொண்டே போனார். சட்டென்று நிறுத்தி, நான் நிற்கும் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏ புள்ள, கீழ போனா நெசமாவே உக்காரச் சொல்லித் தருவாங்களா?"

அந்த வாரமே ஜீப்பில் படுக்க வைத்து அவரைக் கீழே இறக்கினோம்.

நான் இதைக் காணொளியாகப் போடலாம் என்று குதித்தேன். "அது அவர் வாழ்க்கை. அவர்கிட்டப் போய்க் கேளு" என்றீர்கள். கேட்டேன். "பேரப் போடாத, ரசத்தப் பத்திச் சொல்லிக்க" என்றார். உங்கள் அடுத்த காணொளியில் ஊரும் பேரும் இல்லாமல் சொன்னீர்கள்: அடிபட்டவர்களிடம் அவர்களுடைய வலியைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன், முன்பு அவர்களிடம் எதையெல்லாம் கேட்டு நடந்தீர்கள் என்று இனி வீட்டிலிருப்பவர்களையும் கேட்பேன் என்று. கொல்லிமலை அடுப்படி ஒன்று உங்கள் பல்கலைக்கழகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் வீட்டில் கத்திய கத்தலில் என் அம்மா பாம்பு வந்துவிட்டது என்று ஓடிவந்தார்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் நீங்கள் நோயில் விழுந்தீர்கள். எழவில்லை.

செல்வம் அண்ணன் இப்போது வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மிளகு கிளறுகிறவர்களை விரட்டுகிறார். புண் ஆறிவிட்டது. போன வாரம் என்னோடு ஜீப்பில் இன்னொரு ஊருக்கு வந்தார். அங்கே கீழே விழுந்த ஒருவர், அவரும் சுவர்ப்பக்கம்தான் படுத்திருந்தார். அவருடைய மனைவி எங்களை வாசலிலேயே நிறுத்தி, அவரிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சொல்ல ஆரம்பித்தார்.

நான் மூச்சு விட்டுக்கொண்டேன், அக்கா. பிறகு கேட்டேன். "ஏனுங்க, முன்ன அவருகிட்டக் கேட்டு, இப்பக் கேக்காம உட்டது ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அந்தப் பெண் எங்களை விட்டுவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, பாப்பாவ எந்தப் பள்ளிக்கூடத்துல போடறது?"