இல்லாத பரீட்சை

அன்புள்ள மிருதுளாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் டியூட்டிக்கு நடுவே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் என்றால் அப்பாவின் போன்தான், எனக்கு உன்னோடு தனியாகப் பேச வேண்டும். கொத்தமல்லி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு இதைக் கூரியரில் போடப் போகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உன்னோடு நர்ஸிங் படித்த ஸ்ம்ருதி பெரும்பாக்கத்திலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். அமெரிக்காவில் மேல்படிப்புக்கு சீட் கிடைத்துவிட்டதாம், நீ மூன்று வருஷமாகச் சொல்லும் அதே காலேஜ். அதில் சேர நீ எழுதப் போவதாகச் சொல்லும் ஜி.ஆர்.இ. பரீட்சையில் எத்தனை மார்க் என்று கேட்டேன். "அந்தப் பரீட்சையே வேண்டாம்னு அந்தக் காலேஜ்ல நிறுத்தி நாலு வருஷம் ஆச்சே ஆன்ட்டி, மிருதுளாதான் எனக்கே சொன்னா" என்று சிரித்தாள். இல்லாத பரீட்சைக்குத்தான் நீ இத்தனை நாள் படித்தாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் அப்பா உள்ளே வந்து, எத்தனை மார்க் என்று அவரும் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு முந்நூற்றுப் பதினைந்தாம் என்று அடித்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் தலையாட்டி வைத்தாள்.

அதுதான் வினையாகிப் போயிற்று. ஸ்ம்ருதியே இத்தனை வாங்கும்போது நம் பெண்ணுக்கு என்ன குறை என்று அப்பாவுக்கு ஒரே தெம்பு. தினமும் உனக்குப் பத்து இங்கிலீஷ் வார்த்தை அனுப்புகிறவர், இப்போது இருபது அனுப்புகிறாராமே. கேளம்பாக்கத்துக்குப் போன் போட்டு, "மார்ச்ல எழுதிடுவா அக்கா, நீ வந்து பூ வெச்சிட்டுப் போ" என்று உன் அத்தையிடம் சொல்லிவிட்டார். இன்னும் பன்னிரண்டு நாளில், ஞாயிற்றுக்கிழமை, அத்தை மகன் சூர்யாவுக்கு உன்னை உறுதி செய்யத் தட்டு எடுத்துக்கொண்டு வருகிறார்கள், நீ ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம். உண்மையைச் சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய், சொல்லாவிட்டாலும் நீதான் மாட்டிக்கொள்வாய். நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறேன்.

பரீட்சை முடிந்ததும் நிச்சயம், அப்புறம்தான் அமெரிக்கா என்று அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொன்னார். அந்த நிச்சயத்துக்குப் பயந்து, பரீட்சைக்குப் படிப்பதாகவே நாளைக் கடத்தி உன் படிப்பையே நீ பூட்டி வைத்துக்கொண்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சூர்யா நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையோ என்னவோ. அப்பாவிடம் மறைத்தாய், சரி. என்னிடம் ஏனடி? கோபமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தேன், போனில் படிச்சியா படிச்சியா என்று உன்னை அரித்தது நானுந்தானே. எனக்குக் கல்யாணம் பேசும்போது வயது பத்தொன்பது, சொல்லித் தப்பிக்க என்னிடம் ஒரு பரீட்சைகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீயே அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. சாக்கு எதுவும் சொல்லாதே. அவர் சாப்பிட்டு சுகர் மாத்திரை போட்ட பிறகு கூப்பிடு. கத்துவார். வழக்கம்போல நான் சமையலறைக்குள் போய்விட மாட்டேன், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நோய்நொடியில்லாமல், நினைத்ததைப் படித்து நன்றாக இரு. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

சேலையூரிலிருந்து,
உன் பக்கம் இருக்கும் அம்மா,
காந்திமதி