ஷூவுக்குள் கிடந்த மூடி

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது. இங்கே நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், மருமகள் பேக்கரி வேலைக்குப் போய் வருகிறாள், பேத்தி, நம் டமாரம், வாய் ஓயாமல் இருக்கிறாள், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, படுத்தால் தூக்கம் வந்து, நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கிழவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நம் டமாரம் பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்பாள், நீ பாதியில் அழுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவேன். அதனால்தான் அடுத்த வீட்டு டைலரம்மாவை உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல எழுத வைக்கிறேன். உன் கம்பெனி டிரைவர் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்பினால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உனக்குக் கிடைத்துவிடும். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

போன ஞாயிறு நெட் கிடைக்கவில்லை என்று மருமகள் சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொன்னது நான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. அதற்கு முந்தின ஞாயிறு நீ கூப்பிட்டபோது டமாரம் மஞ்சள் கவுன் போட்டிருந்தாளே, நட பார்க்கலாம் என்று நீ சொன்னதும் சமையலறைக் கதவிலிருந்து டிவி வரைக்கும் நடந்தாள், நீ இன்னொரு தடவை என்றாய், திரும்பி வா என்றாய், சுவரைப் பிடிக்காமல் வா என்றாய், பிடிக்காமலே வந்தாள், நீ அங்கே கை தட்டினாய், நாங்கள் இங்கே தட்டினோம். போனை வைத்த பிறகு ஷூவைக் கழற்ற உட்கார்ந்தவள், தாத்தா சாக்ஸ் ஈரமா இருக்கு, நான் தண்ணில மிதிக்கவே இல்லையே என்றாள். நான் தொட்டுப் பார்த்தேன். ரத்தம், தம்பி. ஷூவுக்குள்ளேயே இருக்கும், காலைத் தாங்கும் அந்தப் பிளாஸ்டிக் பிரேஸைக் கவிழ்த்துத் தட்டினேன், லாரி டயரின் வால்வு மூடி ஒன்று விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. பித்தளை மூடி. என்னுடையதுதான். வாசல் பக்கம் ஆணியில் பஞ்சர் கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் என் சட்டை தொங்குகிறது, அதற்கு நேர் கீழேதான் அவள் ஷூவைக் கழற்றி விடுவாள், பையிலிருந்து நழுவி உள்ளே விழுந்திருக்கிறது. சனிக்கிழமை காலையில் என்னோடு கடைத்தெருவுக்கு வந்தாள், சாயங்காலம் பார்க்கில் நின்றாள், ஞாயிற்றுக்கிழமை உனக்கு நடந்து காட்டினாள், எல்லாம் அந்த மூடியின் மேல்தான். பெருவிரலுக்குக் கீழே வட்டமாகக் குழி விழுந்து மூடியின் வரிகள்கூடப் பதிந்திருந்தன. அவள் குனிந்து அதைப் பார்த்துவிட்டு, ஐயோ பாவம், இது யாரு காலு தாத்தா என்று கேட்டுச் சிரித்தாள். மருமகள் தண்ணீர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பிறந்த அன்று மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்த டாக்டர் நம்மை ஜன்னலோரம் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நீ நீலச் சட்டையில் இருந்தாய், பட்டன் மாற்றிப் போட்டிருந்தாய். முதுகெலும்பு மூடாமலே பிறந்திருக்கு, காலுக்குப் போற நரம்பு சரியாப் போய்ச் சேரல என்றார். ஸ்பைனா பிஃபிடா என்று அதன் பெயரை டைலரம்மா இப்போது எழுதிவிட்டார், என் வாயில் இன்றைக்கும் அது நுழையாது. காலில் உணர்ச்சி குறைவாகத்தான் இருக்கும் என்றும் அவர் அன்றே சொன்னார். நாம் நடக்குமா, நடக்குமா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். மற்றது எதுவும் நம் காதில் ஏறவில்லை. டயருக்குள் கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்காமல் நான் ஒரு நாளும் டியூப் போட்டதில்லை, ஆணி முனை கண்ணில் படாது, விரலுக்குத்தான் தெரியும். அந்தக் கையை ஒரு நாள்கூட அவள் ஷூவுக்குள் விட்டுப் பார்த்ததில்லை. நடக்கிற பிள்ளையின் ஷூவை யார் தடவிப் பார்க்கிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கால் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், புண்ணுக்குள் கம்பியை விட்டுப் பார்த்தார், இவள் அவரிடம் உங்க கம்மல் எங்க வாங்கினது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எலும்பைத் தொடவில்லை, அது நம் அதிர்ஷ்டம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கும் பெரியவரே என்றார். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், புண் ஆறுகிற வரைக்கும் அந்தக் கால் தரையில் படவே கூடாது. அவள் வளர வளரப் பாதம் உள்பக்கமாகத் திரும்புகிறது அல்லவா, அதற்கு ஆபரேஷன் வேண்டுமா என்று நீ கேட்கச் சொல்லியிருந்தாய், அதையும் கேட்டேன். பார்க்க அழகா இருக்கணும்னு செய்ய மாட்டோம், பாதம் தரையில படியணும், புண்ணு வரக்கூடாது, அதுதான் எங்களுக்கு வேணும், புண்ணு ஆறட்டும் பார்க்கலாம் என்றார். கட்டுப் பிரித்த பிறகு தினமும் காலையிலும் ராத்திரியிலும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஷூவுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும், வெந்நீரை நம் கையில் ஊற்றிப் பார்த்த பிறகுதான் அவள் காலில் ஊற்ற வேண்டும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

இதுவரைக்கும் சொன்னதைவிட இனிச் சொல்லப் போவதுதான் என்னை உலுக்கிவிட்டது. இப்படிப் பிறந்த பிள்ளைகளுக்கு நாள் எப்படிப் போகிறது, மனசு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவே அங்கே ஒரு அம்மா இருக்கிறார். எங்களைப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்து, அவதான் பேசணும், நீங்க ரெண்டு பேரும் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டார். விளையாட்டு நேரத்துல என்ன பண்ணுவே என்றதற்கு, எல்லாரும் பையை எங்கிட்ட வெச்சுட்டுப் போவாங்க, நான்தான் பைங்களுக்கெல்லாம் போலீஸ் என்றாள். ரொம்ப சந்தோஷமா இருந்த நாள் எது என்றார். ஒரு நாள் பி.டி. சார் ஸ்டோர் ரூமிலிருந்த வீல் சேரில் இவளை உட்கார வைத்துப் பந்தைக் கையில் கொடுத்தாராம். அன்னைக்கு என்னை ஒருத்தராலயும் பிடிக்க முடியல என்றாள். வீட்டில் சொன்னியா என்று கேட்டதற்கு, சொன்னா திட்டுவாங்க, சேர்ல உட்கார்ந்தா காலு சோம்பேறியாயிடும்னு எங்க வீட்ல சொல்வாங்க என்றாள். அது நீயும் நானும் சொன்ன வார்த்தைதான். அப்புறம் அந்த அம்மா, உனக்கு எது ரொம்பப் பயம் என்று கேட்டார். ஊசி என்பாள் என்று நானும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவள் ஞாயித்துக்கிழமை என்றாள். அன்னைக்கு அப்பா போன் பண்ணுவாரு, நான் நல்லா நடக்கணும், ஒரு தடவை விழுந்துட்டேன், அப்பா மூஞ்சி இப்படி ஆயிடுச்சு என்று செய்து காட்டினாள். தம்பி, அது அச்சு அசல் உன் முகம். நடந்து முடிச்சுட்டா அடுத்த ஞாயிறு வரைக்கும் ஜாலி என்றாள். மருமகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுத வைக்கவில்லை. நீ ஊரை விட்டுக் கிளம்பிய அன்றுதான் அவள் முதல் தடவையாக எதையும் பிடிக்காமல் நின்றாள், டாக்சிக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க நீ வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நீ கண்ணில் எடுத்துக்கொண்டு போனது அதுதான், ஒவ்வொரு வாரமும் அது இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறாய், எனக்கு அது புரியாமல் இல்லை. அவளுக்கு அது எப்படிப் புரியும் சொல். இப்போது வாடகைக்கு ஒரு வீல் சேர் எடுத்திருக்கிறோம். வீட்டில் இடிக்காத கதவு இல்லை, என் காலிலும் ஒரு தடவை ஏற்றிவிட்டு, தாத்தா உனக்குத்தான் வலிக்குமே, ஒதுங்க வேண்டாமா என்று என்னையே அதட்டுகிறாள்.

ஆனால் நேற்று டைலரம்மா கடைக்குத் தானே உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள், மடியில் ஒரு துணி. தரை வரைக்கும் பாவாடை வேணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும், கட்டு தெரியக் கூடாது, சுவரைப் பிடிச்சு ரெண்டு எட்டு வெச்சுக் காட்டிட்டு உட்கார்ந்துடுவேன், தாத்தாகிட்ட சொல்லாதீங்க என்றாளாம். அந்தக் காலை ஊன்றினால் உள்ளே ஆறிவரும் புண் பிளந்துவிடும், பிளந்தாலும் அவளுக்குத் தெரியாது, சிரித்துக்கொண்டே நடப்பாள். டைலரம்மா மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு நேரே என்னிடம் வந்துவிட்டார். நீ இப்ப ஊன்றினா அவ்வளவுதான் என்று நான் அவளிடம் சொல்லிப் பார்த்தேன், ம் ம் என்கிறாள், கண் காலண்டரில் இருக்கிறது. நான் சொல்லி நிற்காது, மருமகள் சொல்லியும் நிற்காது. நீ சொன்னால்தான் நிற்கும்.

அதனால் நான் சொல்கிறபடி செய். தாத்தா எல்லாம் சொல்லிட்டாரு என்று முதலிலேயே சொல்லிவிடு, என்மேல் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நான் சமாளித்துக்கொள்கிறேன். காலைக் காட்டு என்று கேட்காதே, அழாதே, மூஞ்சியை அப்படி வைத்துக்கொள்ளாதே. அன்றைக்குப் பந்தை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினாய் என்று கேள், அவள் சொல்ல ஆரம்பித்தால் உன் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும். வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறேன் என்றும் கிளம்பிவிடாதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். புது ஷூ எதுவும் வாங்கி அனுப்பாதே, அளவு எடுத்துத்தான் செய்ய வேண்டும். மருமகளிடம் தனியாக நாலு வார்த்தை பேசு, மூடி விழுந்தது என் பையிலிருந்து, அவளோ தன்னைத்தானே திட்டிக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டை ஆணியை நான் பிடுங்கி மாற்றி அடித்துவிட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல், மனசு கலங்காமல், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், போன இடத்தில் நல்ல பெயர் எடுத்துத் திரும்பி வர வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். உட்காரம்மா என்று நீதான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு