வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போன மெயில்

அன்புள்ள மினோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள், அவருடைய இருமல் நின்றிருக்கும் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை, கோபம்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் இந்தத் தாளில் கொட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் பிளம் பூத்துவிட்டது, அப்பா படத்துக்கு ஒரு கொத்து வைத்தேன். போன வெள்ளிக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போன் நின்றுபோனதே, அது லைன் கோளாறு இல்லை, நானேதான் வைத்தேன்.

நம் மேட்டுக்கு வரும் பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். பஸ் நின்றால் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறேன் என்று புத்தாண்டு அன்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கார் லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தாயிற்று, பஸ் இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு என்னால் இறங்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸை நிறுத்த விடுவேன் என்று நான் எப்போது சொன்னேன்? நானும் பக்கத்து வீட்டு தோகிதாவும் வீடு வீடாக ஏறி எண்பத்து மூன்று பேரிடம் பெயர், விலாசம், கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் சிவப்பு முத்திரை எல்லாம் வாங்கினோம். தோகிதா கப்பலில் எஞ்சின் பார்த்த மனிதர், முழங்கால் வலியோடு ஏறினார். அதற்குள் நகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டியது, ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் மெயிலில் மட்டும் அனுப்ப வேண்டுமாம், நேரில் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம், ஃபேக்ஸை எடுத்தே விட்டார்களாம். மேட்டில் எழுபது வயதுக்குக் குறைந்தவர்கள் நாலு பேர். நம்மால் முடியாது என்று தெரிந்துதானே வைத்திருக்கிறார்கள் என்று தோகிதா பல்லைக் கடித்தார். பார்த்துவிடலாம் என்றேன்.

வியாழக்கிழமை கடையில் இருக்கும் ஜெராக்ஸ் மெஷினில் பதினோரு தாளையும் ஸ்கேன் செய்தேன். முத்திரையின் சிவப்பு பளிச்சென்று தெரியட்டும் என்று இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் எடுத்துவிட்டேன், மெயில் போன வேகத்தில் திரும்பி வந்தது, கோப்பு ரொம்பப் பெரிசாம். மறுநாள் காலையில் திரும்பவும் கடைக்குப் போய்ச் சாதாரணத் தரத்தில் எடுத்தேன், ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஊரார் விலாசம் எல்லாம் இருக்கிறதே, அப்படியே திறந்து அனுப்புவது மரியாதையா? நான் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த கம்பெனியில் பழகியபடி கோப்பை ஸிப்பில் கட்டி, பூட்டி, ஒரு மெயிலில் அனுப்பினேன். பாஸ்வேர்டைத் தனியாக இன்னொரு மெயிலில் அனுப்பினேன். முறை தவறாமல் செய்தேன் என்று டீ போட்டுக் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

மூன்றரைக்கு நகராட்சியிலிருந்து ஹிராசாவா என்று ஒருவர் போன் செய்தார். அம்மா, பாஸ்வேர்டு வந்திருக்கு, கோப்பு வரலையே, பூட்டின ஸிப் வந்தா எங்க மெஷின் அதை மெயில்லேருந்து கழட்டித் தூக்கிப் போட்டுடும், வைரஸ் இருக்கான்னு உள்ளே பார்க்க முடியாதுல்ல என்றார். அத்தனை வருஷக் கம்பெனிப் பழக்கம் குப்பைக்குப் போனது. அதோடு விட்டாரா, வீட்ல சின்னவங்க யாராவது இருந்தா செய்யச் சொல்லுங்களேன் என்று வேறு சொன்னார். இருக்கா, லிஸ்பன்ல இருக்கா, கூப்பிடட்டுமா என்றேன். சொன்ன வாய்க்கு உன்னைக் கூப்பிடவும் செய்தேன், அதுதான் என் தப்பு. நீ பல் தேய்த்துக்கொண்டே, விடும்மா, எனக்கு அனுப்பு, நான் இங்கேருந்து அனுப்பிடறேன், இல்லாட்டியும் என்ன, அந்த இல்லம் நல்லாத்தான் இருக்கு, ஜன்னல்லேருந்து கடல் தெரியுது என்றாய். எனக்கு என் சமையலறை ஜன்னலிலேயே கடல் தெரிகிறது மினோரி. அப்போதுதான் போனை வைத்தேன்.

ஸிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சும்மா கோப்பையே அனுப்ப உட்கார்ந்தேன். பிளம் பூக்கும் இக்குளிர்காலக் கடைசியில் தங்கள் அலுவலகத்தார் நலமென நம்புகிறேன் என்று தொடங்கி, பணிவோடு இத்துடன் இணைத்துள்ளேன் என்று முடித்து அனுப்பினேன், இணைக்கத்தான் மறந்துவிட்டேன். சிரி, பரவாயில்லை. பக்கத்தில் இருந்த தோகிதா, வணக்கம் சொல்றதுக்குள்ள பஸ்ஸே போயிடும் போலிருக்கே என்றார். மணி நாலே முக்கால். அடுத்த மெயிலில் வணக்கமும் கிடையாது, பிளம்மும் கிடையாது, முதலில் கோப்பைச் சேர்த்தேன், பெயர் தெரிகிறதா என்று தோகிதாவை விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன், அப்புறம் ஒரே வரி, எண்பத்து மூன்று பேரின் ஆட்சேபம். அனுப்பிவிட்டு ஹிராசாவாவைக் கூப்பிட்டு, திறங்க, எண்ணுங்க, எண்ணி முடிக்கிற வரைக்கும் நான் வைக்க மாட்டேன் என்றேன். பாவம், எண்ணினார். எண்பத்து மூணு சரியா இருக்கும்மா என்றபோது ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. தோகிதா திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது, உன்னிடம் மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இத்தனை ஆட்சேபம் வந்ததால் மேட்டில் கூட்டம் போட்டுப் பேசாமல் பஸ்ஸை நிறுத்த மாட்டார்களாம், கூட்டம் ஜூன் மாதம். அதில் நான்தான் பேசப் போகிறேன். ஜெயிப்போமோ இல்லையோ தெரியாது, ஆனால் காலையில் ஏழு ஐம்பதுக்கு பஸ் வருகிறது, நேற்றுகூட அதில்தான் போனேன்.

பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்காதே. மாப்பிள்ளைக்கு இஞ்சி தட்டிப் போட்டுக் கொடு. நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்தே இருக்க வேண்டும், அப்பாவும் அதைத்தான் சொல்வார். ஜூன் கூட்டத்துக்கு வர முடிந்தால் வா, எனக்காக எதையும் அனுப்பித் தர வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும்.

நீ அனுப்பிய முதியோர் இல்லத்து விண்ணப்பத்தை இத்துடன் கிளிப் போட்டு இணைத்திருக்கிறேன், இந்தத் தடவை மறக்கவில்லை. முத்திரை வைக்கும் வட்டம் காலியாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பாதே. பார்த்துத்தான் காலியாக விட்டேன்.

மேட்டு வீட்டிலிருந்து,
உன் அம்மா
குவாபரா ஃபுமியே