முதுகு மட்டும் தெரியும் காட்சி

4 மே 1976
படக்காரர்கள் வந்து ஆறு நாளாகிறது. முழுப் படமும் எங்கள் ஆட்டுப் பண்ணையில்தான். மழையில்லாத பண்ணையில் ஒருத்தி, ஒருநாள் புருஷனை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அவ்வளவுதான் கதை. இதை யார் பார்க்க வருவார்கள்? பதினெட்டுப் பேருக்கு ஆட்டிறைச்சி வேகிறது. க்ளெம் என்னிடம் பேசுவதைவிட அவர்களிடம் அதிகம் பேசுகிறார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.

7 மே
ரொட்டியிலும் தூசி.

10 மே
எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கதாநாயகியின் வயிற்றைக் கலக்கிவிட்டது. போர்ட் அகஸ்டா டவுன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். உடைகளைக் கவனிக்கும் ஜோஸி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒரே உசரம், ஒரே இடுப்பு. முதுகை மட்டும் கடனாக் குடேன், மெர்ல்." கதாநாயகி வீட்டைவிட்டுப் போகும் காட்சியாம், முதுகு மட்டும்தான் தெரியுமாம். பெட்டியோடு வேலிக் கதவைத் தாண்டி, டவுனுக்கு ஆளையும் ஏற்றிப்போகும் தபால் லாரிவரை நடக்க வேண்டும்.
க்ளெமிடம் சொன்னேன். "ம்" என்றார். அது சரியா, வேண்டாமா?

11 மே
மானம் போயிற்று. நடந்தேன், கதவைத் திறந்தேன், வெளியே போனேன். திரும்பி நின்று கதவைச் சாத்திக் கொக்கியும் போட்டேன்! இயக்குநர் டன்ஸ்டன் தலையில் கைவைத்துக்கொண்டார்.
"அம்மா தாயே! ஒரேயடியா போறவ கதவைச் சாத்திட்டா போவா?"
"சாத்தலைன்னா கிடாயெல்லாம் பெட்டை ஆடுங்களோட கலந்துடுமே?"
எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் சாத்தினேன். மறுபடியும். ஐந்து தடவை! எங்கள் ஊர்ப்பக்கம், மூடியிருந்த கதவை மூடாமல் போக யாருக்கும் கை வராது. மனசு சொல்வதைக் கை கேட்டால்தானே. "ஃபிலிம் என்ன உங்க காட்டுல விளையுதா?" என்று கத்தினார் டன்ஸ்டன்.
ஆறாவது தடவை இரண்டு கையாலும் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நடந்தேன். லாரிவரை போனேன். 'கட்' என்று கேட்டது — நிற்கவில்லை. லாரியைத் தாண்டியும் நடந்தேன். ஏன்? ஜோஸி ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "அழறியா நீ?" தூசி என்றேன்.
க்ளெம் தண்ணீர்த் தொட்டியருகே குனிந்து ஏதோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தாரா?
ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன்: "இன்னிக்கு ஆறு தடவை புருஷனை விட்டுட்டுப் போனேன்."
"உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளு."
ஐயோ, இந்த மனுஷனை என்னதான் பண்றது! காது கேட்கலையா, கேட்டும் கேட்காத மாதிரியா?

12 மே
எனக்கு என்ன வேண்டும்? போகணுமா? இல்லை, போகாதேன்னு ஒருத்தர் சொல்லணுமா?

17 மே
படக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். போகும்போது ஜோஸி, "அடிலெய்டுல என் தையல் கடைக்கு ஆள் வேணும். யோசிச்சுச் சொல்லு" என்றாள். யோசித்தால் தலைதான் வலிக்கிறது.

19 மே
நேராகவே கேட்டேன். "நான் போகட்டுமா, க்ளெம்?"
தேநீரை முழுக்கக் குடித்து முடித்தார். "உன் இஷ்டம்."
பெருந்தன்மையா, அலட்சியமா? பதினோரு வருஷம் கூட இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

21 மே
தபால் லாரியில் போகிறேன். அவர் பெட்டியை ஏற்றிவிட்டார்.

3 ஆகஸ்ட் 1977, அடிலெய்டு
படம் இங்கே ஒரு வாரம்கூட ஓடவில்லை. கடையில் வேலை அதிகம் என்று நானும் போகவில்லை. பொய். பயம்தான்.
இன்று க்ளெமிடமிருந்து கடிதம். முதல் கடிதம்.
"ஊர் மண்டபத்துல நம்ம படம் மூணு நாள் போட்டாங்க. மூணு நாளும் போனேன். உன் முதுகைப் பார்த்து எல்லாரும் அந்த நடிகைன்னு நினைச்சாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்குத் தொட்டிக்கிட்ட இருந்து ஆறு தடவையும் பார்த்தேன். அஞ்சு தடவை நடிச்சே. ஆறாவது தடவை நிஜமாவே போயிட்டே. ராத்திரி நீ அதைச் சொன்னப்போ எனக்கு வாயே வரலை. உப்பைக் கேட்டேன்."
வா என்று எழுதவில்லை. நாலு தடவை படித்துவிட்டேன். கோபமாக வருகிறது. கோபம்தானா? ஜோஸியிடம் நாளைக்கு லீவு கேட்டேன். எதுக்கு என்றாள். தெரியலை என்றேன்.