அவர் தோள் பட்ட இடம்

14.6.1988, செவ்வாய்
கிள்ளான்

கருமாதி முடிந்ததும் இறந்தவர் படுத்த படுக்கையை வெளியே போட்டுவிட வேண்டுமாம். என் வீட்டுக்காரரின் தங்கை கமலா அதற்காகவே இன்று செந்தூலிலிருந்து வந்தாள்.

"நாளைக்குக் குப்பை லோரி வருது அண்ணி. போட்டுருவோம் லா."

"இது பஞ்சு மெத்தை இல்ல கமலா. எங்க கம்பெனி ஃபோம். தண்ணி உள்ள போகாது. நல்லா கழுவிட்டேன்."

"கழுவினா தீட்டு போயிருமா?"

எங்கள் தொழிற்சாலையில் பல வகை ஃபோம் போடுகிறோம். டிவி பெட்டிக்குள் வைக்க மெல்லிய வெள்ளை, சிலிப்பருக்குக் கெட்டியான கலர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குட்டிக்கரணம் போடும் பாய்க்குத் தடித்த மெத்தென்ற ரகம். அவர் படுக்கையில் விழுந்தபோது, முதுகு புண்ணாகக் கூடாதே என்று அந்தத் தடித்ததில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தேன். அங்கே என் வேலை கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. அழுத்திய பள்ளம் எழும்பிச் சமமானால் நல்ல சரக்கு, எழும்பாவிட்டால் ரிஜெக்ட்.

கமலாவின் கையைப் பிடித்து ஃபோம் மேல் வைத்தேன்.

"உங்க அண்ணன் தோள் இங்கதான் இருந்துச்சு."

அவள் கையை எடுக்கவில்லை. அழுதாள். பிறகு, "அடுத்த லோரிக்குப் பார்ப்போம் அண்ணி," என்றாள்.

அவள் போனதும் தடவிப் பார்த்தேன். அவர் போன அன்று உள்ளங்கை அடங்கிய பள்ளம், இப்போது விரல் நுனிக்குத்தான் தெரிகிறது. அடுத்த லோரி வருவதற்குள் சமமாகிவிடும். நல்ல சரக்கு, நானே அழுத்திப் பார்த்துப் பொறுக்கியது. ஒரு ரிஜெக்ட் துண்டை எடுத்து வந்திருக்கலாம்.